அரை விநாடி தாமதம்... யாரும் படிக்காத ஃபைலில் ஒளிந்திருந்த திருட்டுக் கதவு!

சர்வருக்குள் நுழைய முயன்றால், வழக்கமாக 0.299 விநாடியில் பதில் வரும். திடீரென்று அது 0.807 விநாடி ஆகிவிட்டது. வித்தியாசம் வெறும் அரை விநாடி. இதைப் போய் யாராவது கவனிப்பார்களா?

ஒருவர் கவனித்தார். அவர் பெயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் இன்ஜினீயர். 'போஸ்ட்கிரெஸ்' என்ற புகழ்பெற்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை உருவாக்குபவர்களில் ஒருவர். தன் வேலைக்காக லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோதுதான் இந்தத் தாமதம் அவர் கண்ணில் பட்டது. 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடாமல் நூல் பிடித்துக்கொண்டே போனார். போன இடத்தில் இருந்தது, உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களுக்குள் ரகசியமாக நுழைவதற்காக யாரோ அமைத்திருந்த திருட்டுக் கதவு. 2024 மார்ச் 29 அன்று அவர் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். ஆபத்தின் அளவுக்குத் தரப்பட்ட மதிப்பெண் 10-க்கு 10.

அந்தக் கதவைத் திறந்துவிட்ட சின்னஞ்சிறு கோடிங் ஒளிந்திருந்த இடம்தான் ஆச்சர்யம். சாஃப்ட்வேரின் முக்கியமான புரோகிராமில் அது இல்லை. 'பில்ட் ஃபைல்' என்று சொல்லப்படும், பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்க்காத ஒரு ஃபைலில் இருந்தது.

பில்ட் ஃபைல் என்றால் என்ன?

கல்யாண சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் முதலில் என்ன செய்வார்? சாமான் லிஸ்ட் எழுதித் தருவார். துவரம்பருப்பு எத்தனை கிலோ, எந்த ரக அரிசி, நல்லெண்ணெய் எந்தக் கம்பெனி, எது முந்தின நாள் வர வேண்டும், எது காலையில் வந்தால் போதும்... எல்லாம் அதில் இருக்கும். பந்தியில் உட்காருகிறவர்கள் சாம்பாரைத்தான் ருசி பார்ப்பார்கள். லிஸ்ட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால், லிஸ்ட்டில் ஒரு வரி தப்பானால் பந்தியே கெட்டுவிடும்.

சாஃப்ட்வேரும் அப்படித்தான். புரோகிராமர்கள் எழுதுவது 'சோர்ஸ் கோட்'. அதை அப்படியே உங்கள் போனில் ஓட்ட முடியாது. பல துண்டுகளைச் சேர்த்து, வெளியிலிருந்து சில பொருள்களைக் கொண்டுவந்து, வரிசைப்படி சமைத்து, ஓடக்கூடிய ஆப் ஆக மாற்ற வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் 'பில்ட்'. என்னென்ன சேர்க்க வேண்டும், எந்த வெர்ஷன், எந்த வரிசை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் லிஸ்ட்தான் பில்ட் கான்ஃபிகரேஷன் ஃபைல். 'மேக்ஃபைல்', 'சிமேக்', 'பேக்கேஜ் ஜேசன்', 'கிரேடில்' என்று சாஃப்ட்வேர் உலகத்தில் இதற்குப் பல பெயர்கள். உங்கள் வீட்டில் ஐ.டி-யில் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால், இவற்றில் ஒரு பெயரையாவது கேட்டிருப்பீர்கள்.

புரோகிராமை நான்கு பேர் படித்துச் சரிபார்ப்பார்கள். பில்ட் ஃபைலை? 'அது ஓடுதில்ல, விடு!' என்பதுதான் பெரும்பாலான இடங்களில் பதில். திருடன் கணக்குப் போட்டதும் இந்தப் பதிலை நம்பித்தான்.

இரண்டரை ஆண்டு காத்திருந்த 'உதவியாளர்'

'எக்ஸ்-இசட்' என்பது ஃபைல்களைச் சுருக்கிச் சின்னதாக்கும் ஒரு சாஃப்ட்வேர். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் இருக்கும். இலவசம். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸே கொலின் என்பவர் பல ஆண்டுகளாக இதைப் பராமரித்து வந்தார். சம்பளம் எதுவும் கிடையாது.

2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார. சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பினார். எல்லாம் ஒழுங்கான திருத்தங்கள். 2022-ல் வேறு சில பெயர்களில் புகார்கள் வரத் தொடங்கின. 'ஏன் இவ்வளவு தாமதம்?', 'வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாதா?' என்கிற ரீதியில் நெருக்கடி. தனக்கு நீண்டகாலமாக மனநலம் சார்ந்த சிரமங்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் கொலின் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நெருக்கடி குறையவில்லை. கடைசியில், பொறுமையாக உதவிக்கொண்டிருந்த ஜியா டானுக்கே பொறுப்பில் பங்கு கிடைத்தது. புகார் சொன்னவர்களும் அதே கூட்டத்தின் ஆட்களாக இருக்கலாம் என்பது பாதுகாப்பு நிபுணர்களின் சந்தேகம்.

2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 வெர்ஷன் வெளியானது. மார்ச் 9 அன்று 5.6.1. இரண்டிலும் திருட்டுக் கதவு இருந்தது.

எப்படி ஒளித்தார்கள்?

இதுபோன்ற திறந்த மூல சாஃப்ட்வேரின் சோர்ஸ் கோட் எல்லோருக்கும் தெரியும்படி இணையத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கே நேரடியாகத் திருட்டு வேலை செய்தால் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஜியா டான் அதை இரண்டாகப் பிரித்தார்.

முதல் பாதி, சோதனை ஃபைல்கள். ஃபைலைச் சுருக்கும் சாஃப்ட்வேருக்கு, 'கெட்டுப்போன ஃபைலைக் கொடுத்தால் சரியாகக் கையாள்கிறதா?' என்று பார்க்க வேண்டும். அதற்காக, வேண்டுமென்றே கெடுத்த ஃபைல்களை வைத்திருப்பார்கள். திறந்து பார்த்தாலும் எதுவும் புரியாது. புரியக் கூடாது என்பதுதான் அதன் வேலையே! அப்படிப்பட்ட ஃபைல்களுக்குள் விஷம் வைக்கப்பட்டது. தனியாகப் பார்த்தால் அது தூங்குகிற பாம்பு. யாரையும் கடிக்காது.

இரண்டாவது பாதி, அந்தப் பாம்பை எழுப்பும் சில வரிகள். அவை ஒரு பில்ட் ஃபைலில் இருந்தன. இங்கேதான் சாமர்த்தியம். ஒவ்வொரு வெர்ஷன் வெளியாகும்போதும், தேவையான எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் நிறுவனங்களும் குழுக்களும் பெரும்பாலும் அந்த மூட்டையை எடுத்துத்தான் பில்ட் செய்தன. திருத்தப்பட்ட பில்ட் ஃபைல் அந்த மூட்டைக்குள் மட்டுமே இருந்தது. எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில் இல்லை!

'இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்குமே?' என்று நீங்கள் கேட்கலாம். சிக்கலே அங்கேதான். மூட்டைக்குள் இருக்கும் பில்ட் ஃபைல்களில் பல, வேறொரு கருவி தானாகவே எழுதித் தருபவை. பல்லாயிரம் வரிகள் இருக்கும். அவை பொது இடத்தில் இல்லாமல் மூட்டையில் மட்டும் இருப்பது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். அதனால், வித்தியாசம் இருப்பதே இயல்பாகத் தெரிந்தது. யாரும் ஒப்பிடவில்லை.

பில்ட் தொடங்கியதும் அந்த வரிகள் சுற்றுமுற்றும் பார்க்கும். இது 64 பிட் லினக்ஸ் கம்ப்யூட்டரா? டெபியன் வகையா, ஆர்.பி.எம் வகை பேக்கேஜாகத் தயாராகிறதா? ஆமென்றால் மட்டும் பாம்பை எழுப்பும். இல்லையென்றால் சத்தமில்லாமல் இருந்துவிடும். சந்தேகப்பட்டு வேறு கம்ப்யூட்டரில் பில்ட் செய்து பார்க்கிறவருக்கு எதுவும் தட்டுப்படாது.

எழுந்த பாம்பு போய்ச் சேருமிடம், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் 'எஸ்.எஸ்.ஹெச்' வாசல். ரகசியச் சாவி வைத்திருப்பவர், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் சர்வரில் தன் இஷ்டப்படி கட்டளை இடலாம். அந்த வாசலில் நடந்த கூடுதல் வேலைக்குத்தான் அரை விநாடி பிடித்தது.

நல்லவேளையாக, பாதிக்கப்பட்ட வெர்ஷன்கள் பெரும்பாலும் சோதனைக் கட்டத்தில் இருந்த லினக்ஸ் பதிப்புகளில்தான் நுழைந்திருந்தன. உபுண்டு குழு, தன் 24.04 பதிப்பின் பீட்டா வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, பேக்கேஜ்களை மறுபடியும் புதிதாக பில்ட் செய்தது. இன்னும் சில மாதங்கள் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், அது எண்ணற்ற சர்வர்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

ஒரே ஒரு புள்ளி!

இதே கதையில் இன்னொரு கிளைக்கதை உண்டு. அதுவும் அதிர்ச்சியானதுதான்.

லினக்ஸில் 'லேண்ட்லாக்' என்று ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறது. ஒரு புரோகிராம் தனக்கு வேண்டாத ஃபைல்களைத் தொடாமல் வேலி போடும். இந்த வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பில்ட் ஃபைல் முதலில் சோதித்துப் பார்க்கும். எப்படி? ஒரு குட்டி புரோகிராமை உருவாக்கிப் பார்க்கும். அது உருவானால், 'வசதி இருக்கிறது, வேலி போடு'. உருவாகவில்லை என்றால், 'வசதி இல்லை, வேலி இல்லாமலே தொடர்ந்து செய்'.

2024 பிப்ரவரியில் அந்தக் குட்டி புரோகிராமுக்குள் ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வைக்கப்பட்டது. வெறும் முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளி இருக்கும் வரை குட்டி புரோகிராம் ஒருபோதும் உருவாகாது. அதனால், எந்தக் கம்ப்யூட்டரில் இந்த முறையில் பில்ட் செய்தாலும் 'வசதி இல்லை' என்றே முடிவு வரும். வேலி இல்லாமலே சாஃப்ட்வேர் தயாராகும். எச்சரிக்கை வராது. சிவப்பு எழுத்து வராது. பில்ட் வெற்றி!

சரிபார்க்கும் கருவிகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை? அந்தப் புள்ளி பில்ட் ஃபைலின் இலக்கணத்தை மீறவில்லை. மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். வடிவத்தைச் சரிபார்க்கும் கருவிக்கு அது சரியான ஃபைல். 'இந்தப் புள்ளி ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்க, படிக்கிற மனிதக் கண் ஒன்று வேண்டும்.

சரிபார்ப்பது வேறு, படிப்பது வேறு. இரண்டும் தேவை.

வில்லன் இல்லாமலும் விபத்து

எல்லாத் தவறுகளுக்கும் பின்னால் திருடன் இருக்க வேண்டும் என்பதில்லை. பில்ட் ஃபைல்களில் கண்ணுக்கே தெரியாத குழிகள் ஏராளம்.

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை உருவாக்கினார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்திருக்கிறார். பிழையை முன்பே திருத்தியாகிவிட்டது. மறுபடியும் பில்ட் செய்யத்தான் விட்டுப்போயிருந்தது! இனி இப்படி நடக்கக் கூடாது என்று பிறந்ததுதான் மேக். அதில் ஒரு விதி... கட்டளை வரிகள் 'டேப்' இடைவெளியில் தொடங்க வேண்டும். டேப்புக்குப் பதில் எட்டு முறை ஸ்பேஸ் தட்டினால் திரையில் இரண்டும் ஒரேமாதிரி தெரியும். ஆனால், மேக் ஏற்காது. இந்த விதியை மாற்றலாமே என்று ஃபெல்ட்மனுக்குத் தோன்றியபோது, ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். 'அவர்களுக்கு ஏன் தொந்தரவு?' என்று விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக விட்ட டேப், ஏறக்குறைய 50 ஆண்டுகளாகப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைப் படுத்துகிறது.

இன்னொன்று, 'நார்வே பிரச்னை'. 'யாமல்' என்பது கான்ஃபிகரேஷன் ஃபைல்களை எழுதும் ஒரு முறை. அதன் பழைய விதிப்படி 'நோ' என்று எழுதினால் 'இல்லை' என்று அர்த்தம். நாடுகளின் ஈரெழுத்துச் சுருக்கப் பட்டியலில் நார்வேக்கு உரிய இரண்டு எழுத்துகளும் 'நோ' என்பதற்கான அதே எழுத்துகள்தாம். பட்டியலில் நார்வேயைச் சேர்த்தால், கம்ப்யூட்டர் அதை 'இல்லை' என்று படித்துக்கொள்ளும். ஒரு நாடே காணாமல் போகும்! 2009-ல் வந்த புதிய விதி இதைச் சரிசெய்தது. ஆனால், பழைய விதியைப் பின்பற்றும் கருவிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

2021-ல் 'பைதான்' மொழியின் 3.10 வெர்ஷன் வந்தபோது இதேபோல இன்னொரு கூத்து. மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால், யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். தசமத்தில் 3.10-ம் 3.1-ம் ஒன்றுதானே! விளைவு, புத்தம் புதிய வெர்ஷனைக் கேட்டவர்களுக்காகக் கம்ப்யூட்டர் பழைய 3.1-ஐத் தேடப் போனது. இரண்டு மேற்கோள் குறிகள் போட்டால் தீர்ந்துவிடும் பிரச்னை இது.

பெயரைப் பார்த்து ஏமாறும் கம்ப்யூட்டர்

லிஸ்ட்டில் 'ஆச்சி வீட்டு மிளகாய்த்தூள்' என்று எழுதியிருக்கிறது. அது ஆச்சி வீட்டில் மட்டும் கிடைப்பது, கடையில் கிடையாது. ஆனால், அதே பெயரில் யாரோ ஒருவர் கடையில் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டால்? வாங்கப் போன பையன் அதைத்தானே எடுத்து வருவான்!

அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைத்தான் செய்து காட்டினார். 2020-ல், பேபால் நிறுவனத்தின் பில்ட் பட்டியல் ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. அதில் நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் சில பேக்கேஜ்களின் பெயர்கள் இருந்தன. அதே பெயர்களில் பொதுச் சந்தையில் பேக்கேஜ்களைப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா, ஊபர் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் அவருடைய பேக்கேஜை எடுத்து ஓட்டின! அவர் திருடனாக இருந்திருந்தால் கதை வேறு. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு நிறுவனங்கள் தரும் பரிசுத் திட்டங்களின் கீழ் அவர் தெரிவித்ததால், 1,30,000 டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. 2021 பிப்ரவரியில் இதை அவர் வெளியிட்ட பிறகு, பல நிறுவனங்கள் தங்கள் பில்ட் ஃபைல்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தன.

எழுத்துப் பிழையை நம்பிப் பிழைப்பவர்களும் உண்டு. 'கிராஸ்-என்வ்' என்பது புரோகிராமர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜ். 2017-ல், நடுவில் உள்ள சிறுகோட்டை மட்டும் எடுத்துவிட்டு 'கிராஸ்என்வ்' என்று ஒரு போலி பேக்கேஜ் வந்தது. அவசரத்தில் தட்டச்சு செய்தவர்களின் கம்ப்யூட்டரில் இருந்த ரகசியத் தகவல்களை அது வெளியே அனுப்பியது.

எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

சாஃப்ட்வேர் துறையில் நுழைய நினைக்கும் மாணவர்களுக்கும், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் பயன்படும் ஐந்து படிகள் இவை.

1. வடிவம் சரியா? அடைப்புக்குறி, காற்புள்ளி, டேப், கட்டாயம் இருக்க வேண்டிய பகுதிகள் ஆகியவற்றைப் பார்க்க ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தனிக் கருவி உண்டு. டெபியனில் 'லிண்டியன்' என்ற கருவி பேக்கேஜ்களில் இருக்கும் தவறுகளைச் சுட்டிக்காட்டும். இதை மனிதர் செய்ய வேண்டியதில்லை. ஃபைலைச் சேமிக்கும்போதே தானாக ஓடும்படி வைத்துவிடலாம்.

2. பெயரும் வெர்ஷனும் சரியா? வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பேக்கேஜின் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஏ.ஐ கருவி பரிந்துரைத்த பெயர் என்றால் கூடுதல் கவனம். இல்லாத பேக்கேஜ்களை இருப்பதாக அவை சொல்வது உண்டு. அப்படிச் சொன்ன பெயரில் யாராவது போலியைப் பதிவு செய்தால் சிக்கல்.

3. பூட்டு போட்டாயிற்றா? 'ஏதாவது ஒரு புது வெர்ஷன் வந்தால் எடுத்துக்கொள்' என்று விட்டால், இன்று ஓடிய பில்ட்டில் நாளை வேறு பொருள் சேரும். அதற்காகத்தான் 'லாக் ஃபைல்'. எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன், அதன் கைரேகை என்ன என்று அதில் எழுதிவைத்துவிடுவார்கள். கைரேகை என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண். 'ஷா-256' முறையில் அது 64 எழுத்துகளில் எழுதப்படும். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும்.

4. மூட்டையும் மூலமும் ஒன்றா? கைரேகை மட்டும் போதாது என்பதற்கு எக்ஸ்-இசட் கதையே சாட்சி. அங்கே மூட்டையைக் கட்டியவரே திருடன். அவர் கொடுத்த மூட்டைக்கு அவர் கொடுத்த கைரேகை சரியாகத்தான் இருக்கும். மூட்டையில் இருப்பதைப் பொது இடத்தில் இருக்கும் சோர்ஸ் கோடுடன் ஒப்பிடுவது, அல்லது மூட்டையை விட்டுவிட்டு நேரடியாகச் சோர்ஸிலிருந்தே பில்ட் செய்வது... இவைதான் வழி.

5. இரண்டு முறை சமைத்தால் ஒரே ருசியா? ஒரே சோர்ஸை வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் பில்ட் செய்தாலும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரே ஃபைல் வர வேண்டும். டெபியன் குழு 2013 முதல் இதற்காக உழைக்கிறது. யாராவது ஒருவரின் கம்ப்யூட்டருக்குள் மட்டும் கலப்படம் நடந்தால், ஒப்பிட்டவுடன் தெரிந்துவிடும்.

அரசாங்கங்களும் விழித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சாஃப்ட்வேருக்குள் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பட்டியல் தர வேண்டும் என்பதை 2021 மே மாதத்தில் அமெரிக்க அதிபரின் ஆணை வலியுறுத்தியது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் பட்டியல் போலத்தான் இதுவும். இந்தியாவின் 'செர்ட்-இன்' அமைப்பும் 2024 அக்டோபரில் இப்படிப்பட்ட பட்டியலுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

உங்கள் போனில் இருக்கும் பில்ட் ஃபைல்

'இதெல்லாம் இன்ஜினீயர்கள் சமாசாரம், நமக்கென்ன?' என்று நினைக்க வேண்டாம். நீங்களே இந்த ஃபைல்களின் சில வரிகளைத் தினமும் பார்க்கிறீர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப், 'கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கவா?' என்று கேட்கிறதே... தனக்கு கேமரா வேண்டும் என்று அந்த ஆப் தன் 'மேனிஃபெஸ்ட்' ஃபைலில் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். அதில் எழுதாத அனுமதியை ஆப் கேட்கவே முடியாது. ஐபோனில் 'எதற்காக கேமரா?' என்று ஒரு வரி விளக்கம் வரும் இல்லையா? அந்த விளக்கமும் ஆப்பின் கான்ஃபிகரேஷன் ஃபைலில் எழுதப்பட்டதுதான்.

'இந்த ஆப் ஆண்ட்ராய்டின் பழைய வெர்ஷனுக்காக உருவாக்கப்பட்டது' என்ற எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பில்ட் ஃபைலில் உள்ள ஓர் எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. பழைய எண்ணைப் போட்டுக்கொண்டால், புதிய பாதுகாப்பு விதிகளிலிருந்து ஆப் தப்பித்துக்கொள்ளலாம். அதனால்தான், எண் மிகவும் பழையதாக இருந்தால் அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யவே ஆண்ட்ராய்டு 14 விடுவதில்லை.

எனவே, நீங்கள் செய்யக்கூடியவை எளிமையானவை. செட்டிங்ஸில் ஆப் பெயரைத் தட்டி, என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் போன் நம்பர்கள் எதற்கு? அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டாலே, ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலைப் படித்துச் சரிபார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய வெர்ஷன் எச்சரிக்கை வந்தால் 'ஓகே' தட்டிவிட்டுப் போகாமல், அந்த ஆப்புக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஆப் ஃபைலை இன்ஸ்டால் செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மூட்டையைக் கட்டியது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

படிக்க ஆள் வேண்டும்

எக்ஸ்-இசட் இப்போது என்ன ஆயிற்று? லாஸே கொலின் மறுபடியும் பொறுப்பைக் கையில் எடுத்தார். அந்தப் புள்ளியை நீக்கினார். ஜியா டான் செய்த மாற்றங்களைப் பரிசீலித்தார். 2024 மே 29 அன்று திருட்டுக் கதவு இல்லாத 5.6.2 வெர்ஷனை வெளியிட்டார்.

உலகத்தின் சர்வர்கள் நம்பியிருக்கும் பல சாஃப்ட்வேர்களை இன்றைக்கும் இப்படி ஒருவர் அல்லது இருவர், ஓய்வு நேரத்தில், சம்பளம் இல்லாமல் பராமரிக்கிறார்கள். புதிய வசதி வேண்டும் என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பில்ட் ஃபைலை உட்கார்ந்து படித்து, 'இந்த வரி எதற்கு?' என்று கேட்கத்தான் ஆள் இல்லை. திறந்த மூல சாஃப்ட்வேருக்கு உதவ நினைக்கும் கல்லூரி மாணவர்கள் பெரிய புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும் என்பதில்லை. தினமும் பயன்படுத்தும் ஒரு சாஃப்ட்வேரின் பில்ட் ஃபைலைத் திறந்து, புரியாத ஒரு வரியைப் பற்றி மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பொறுப்பான பதில் வந்தால், ஒரு விஷயம் கற்றுக்கொண்டீர்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், கவனிக்க வேண்டிய ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!